இலவச ஹோஸ்டிங்கிலிருந்து கட்டண ஹோஸ்டிங்குக்கு எப்போது மாற வேண்டும்? முழுமையான வழிகாட்டி

"தினமும் எத்தனை பேர் வந்தால் காசு கொடுத்து ஹோஸ்டிங் வாங்கலாம்?" புதிதாக இணையதளம் தொடங்கியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகளை வைத்து இணையத்தில் காட்டும் சர்வர் இடம். வருகை எண்ணிக்கையை மட்டும் வைத்து இதை முடிவு செய்ய முடியாது. நாளுக்கு 3,000 பேர் படிக்கும் கவிதைத் தளம் ஆண்டுக்கணக்கில் இலவசத்திலேயே நன்றாக ஓடும். நாளுக்கு 30 பேர் மட்டும் வரும் கேட்டரிங்காரரின் தளம் முதல் மாதமே மாற வேண்டியிருக்கலாம். அந்த 30 பேரில் இரண்டு பேர் கல்யாண ஆர்டர் கொடுக்க வந்தவர்கள்.

நான் முதலில் கேட்டுப் பார்ப்பது இதைத்தான்: வெள்ளிக்கிழமை இரவு தளம் படுத்து, திங்கள் காலைதான் எழுந்தது என்றால் யாருக்கு என்ன நஷ்டம்? "யாருக்கும் ஒன்றும் இல்லை, எனக்குக் கொஞ்சம் வருத்தம்" என்பது பதிலானால் இலவசத்திலேயே இருங்கள். ஆர்டர் போகும், மாணவர்கள் தவிப்பார்கள், வாடிக்கையாளர் போன் போட்டுத் திட்டுவார் என்றால் உங்கள் தளத்தை வேறு ஒருவர் நம்ப ஆரம்பித்துவிட்டார். மாறுவதற்கான நேரம் அதுதான். மீதமுள்ளதெல்லாம் கணக்குப் பார்ப்பதும் ஒழுங்காக இடம் மாற்றுவதும்.

படி 1: உங்கள் இலவசம் எந்த இலவசம்?

இலவச ஹோஸ்டிங் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக் கூடாது. நான்கு வகை இருக்கிறது, நான்கின் குணமும் வேறு.

பிளாகர், வேர்ட்பிரஸ்.காம் போன்றவை முதல் வகை. சர்வரை நீங்கள் தொடவே முடியாது. எழுதலாம், படம் போடலாம், அவ்வளவுதான். பிளாகர் 2003 முதல் கூகுளிடம் இருக்கிறது. சொந்த டொமைனை (உங்கள் பெயரில் வாங்கிய இணைய முகவரியை) அதில் கூடுதல் கட்டணமின்றி இணைக்கலாம், கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸும் ஓடும். கட்டுரை எழுதுவது மட்டுமே வேலை என்றால் இதைவிட்டு நகரக் காரணமே தேவைப்படாது. வேர்ட்பிரஸ்.காம் இலவசத் திட்டத்தில் அவர்கள் விளம்பரம் உங்கள் பக்கத்தில் வரும், சொந்த டொமைனுக்குக் கட்டணத் திட்டம் வேண்டும்.

இரண்டாவது, எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும் நிலையான பக்கங்களுக்கான கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃபிளேர் பேஜஸ் போன்றவை. டேட்டாபேஸ் இல்லாத தளத்துக்கு இவை தரும் வேகம் பல கட்டண ஹோஸ்டிங்கில்கூடக் கிடைக்காது. கிட்ஹப் பேஜஸில் தளத்தின் அளவு 1 ஜிபிக்குள், மாதப் போக்குவரத்து 100 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பது வரம்பு. கடை நடத்துவது போன்ற வணிகப் பயன்பாட்டுக்கு அதில் அனுமதியில்லை. வெர்செல் இலவசத் திட்டமும் தனிப்பட்ட, வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும்தான். இந்த வரியைப் படிக்காமலே அங்கே கடை திறந்தவர்கள் நிறைய.

மூன்றாவது, இன்ஃபினிட்டிஃப்ரீ போன்ற இலவச பிஎச்பி ஹோஸ்டிங். வேர்ட்பிரஸ் மென்பொருளை நாமே நிறுவலாம். பழகுவதற்கு நல்ல இடம். தொழிலுக்கு ஆபத்தான இடம். ஏன் என்று மூன்றாம், நான்காம் படிகளில் பார்ப்போம்.

நான்காவது, ரெண்டர் போன்ற ஆப் ஹோஸ்டிங். இலவசத் திட்டத்தில் 15 நிமிடம் யாரும் வராவிட்டால் ஆப் தூங்கிவிடும். அடுத்து வருபவர் அது எழுந்திருக்கும்வரை ஒரு நிமிடம்போலக் காத்துக்கொண்டிருக்க வேண்டும். கல்லூரி புராஜெக்ட்டுக்குப் பரவாயில்லை. வாடிக்கையாளர் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார்.

படி 2: முதல் காசு டொமைனுக்கு

ஹோஸ்டிங்குக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் டொமைனுக்குக் கொடுங்கள். ஆண்டுக்கு 1,000 ரூபாயை ஒட்டிய செலவு. இலவச ஹோஸ்டிங்கிலேயே தொடர்வதாக முடிவு செய்தாலும் இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

இலவசச் சேவைகள் மூடப்படுவது அபூர்வம் இல்லை. ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. ஹெரோகு தன் இலவசத் திட்டத்தை 2022 நவம்பர் 28 அன்று நிறுத்தியது. பல ஆண்டுகள் மாணவர்களின் முதல் முகவரியாக இருந்த 000வெப்ஹோஸ்ட் 2024-இல் மூடப்பட்டது. அதற்கு முன்பே 2015-இல் அதன் 1.3 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளின் விவரங்கள், பாஸ்வேர்டு உட்பட, அப்படியே கசிந்திருந்தன. கிளிட்ச் 2025 ஜூலையில் தளங்களை ஹோஸ்ட் செய்வதை நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் சொந்த டொமைன் வைத்திருந்தவர்களுக்கு வழி இருந்தது: கோப்புகளை வேறிடத்தில் ஏற்றி, டிஎன்எஸ்ஸை (டொமைன் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பதிவுகளை) மாற்றி, அதே முகவரியில் தொடரலாம். அந்தச் சேவையின் துணை முகவரியை விசிட்டிங் கார்டில் அச்சடித்தவர்களுக்கு அந்த வழி கிடையாது. கூகுளில் ஏறிய இடம், மற்றவர்கள் கொடுத்த லிங்க், வாட்ஸ்அப்பில் பரவிய முகவரி எல்லாம் அதோடு போயிற்று.

இலவச டொமைனையும் நம்ப வேண்டாம். ஃப்ரீநாம் நிறுவனம் டிகே, எம்எல் போன்ற டொமைன்களை இலவசமாகக் கொடுத்துவந்தது. 2023 தொடக்கத்தில் புதிய பதிவுகளை நிறுத்தியது, 2024-இல் டொமைன் தொழிலைவிட்டே விலகுவதாக அறிவித்தது.

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் ஈமெயிலில் பதிவு செய்யுங்கள். நம் ஊரில் அடிக்கடி நடப்பது என்னவென்றால், தளம் செய்து கொடுக்கும் தம்பி எல்லா வாடிக்கையாளரின் டொமைனையும் தன் கணக்கிலேயே போட்டுவைப்பார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, அவருக்கு அதுதான் வசதி. நான்கு வருடம் கழித்து அவர் வேலை கிடைத்து வெளியூர் போய், நம்பரையும் மாற்றியிருப்பார். புதுப்பிக்கும் தேதி வந்ததற்கான மெயில் அவருடைய பழைய இன்பாக்ஸுக்குப் போகும், உங்களுக்கு வராது. ஏற்கெனவே அப்படித்தான் இருக்கிறது என்றால் இந்த வாரமே பேசி உங்கள் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: டொமைனை ஓரிடத்திலும் ஹோஸ்டிங்கை வேறிடத்திலும் வாங்குவது நல்லது. ஹோஸ்டிங்காரரோடு மனக்கசப்பு வந்தாலும் டொமைன் உங்கள் கையில் இருக்கும். "ஒரு வருடம் டொமைன் இலவசம்" என்ற சலுகைக்காக இரண்டையும் ஒரே இடத்தில் வாங்கினால், பதிவு செய்த முதல் 60 நாட்களுக்குப் பெரும்பாலும் வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது என்பது நினைவிருக்கட்டும்.

படி 3: வரம்பை உங்கள் தளத்தோடு கணக்குப் போடுங்கள்

இலவசத் திட்டங்களின் வரம்பு பார்ப்பதற்குப் பெரிதாகத் தெரியும். ஒரு டிஎன்பிஎஸ்சி பயிற்சித் தளத்தை எடுத்துக்கொள்வோம். இன்ஃபினிட்டிஃப்ரீயில் வேர்ட்பிரஸ் போட்டு, மாதிரி வினாத்தாள்களை ஏற்றி வைத்திருக்கிறார் ஓர் ஆசிரியர். அங்கே நாளுக்கு 50,000 ஹிட் வரம்பு. "எனக்கு 300 பேர்தானே வருகிறார்கள்" என்று அவர் நிம்மதியாக இருக்கலாம்.

ஹிட் என்பது ஆளைக் குறிப்பதில்லை. ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அந்தப் பக்கம், அதன் ஸ்டைல் கோப்புகள், ஸ்கிரிப்ட்கள், லோகோ, ஒவ்வொரு படம், ஒவ்வொரு எழுத்துரு என சர்வருக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கையும் ஒரு ஹிட். சாதாரண வேர்ட்பிரஸ் தீமும் (தோற்ற அமைப்பு) ஆறேழு பிளகினும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) இருந்தால் ஒரு பக்கத்துக்கு 40 கோரிக்கைகள் எளிதாக வரும். 50,000-ஐ 40-ஆல் வகுத்தால் 1,250. புதிதாக வரும் 1,250 பேர் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தாலே அன்றைய கணக்கு தீர்ந்தது. ஆளுக்கு மூன்று பக்கம் பார்த்தால், பிரவுசர் சிலவற்றைச் சேமித்து வைத்துக்கொள்ளும் என்றாலும், இன்னும் குறைவான பேரிலேயே தீரும்.

இப்போது குரூப் 4 தேர்வு முடிந்த ஞாயிறு மாலையை நினைத்துப் பாருங்கள். பல லட்சம் பேர் எழுதும் தேர்வு. ஆசிரியர் உத்தேச விடைகளைப் போட்டு, டெலிகிராம் குழுவில் லிங்க் கொடுக்கிறார். அது பத்துக் குழுக்களுக்குப் போகிறது. அரை மணி நேரத்தில் தளம் நிற்கிறது. வருடம் முழுவதும் உழைத்தது அந்த ஒரு மாலைக்காக. அன்று வந்தவர்கள் கண்டது பிழைச் செய்தி. சராசரி வருகையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், வருடத்தின் பரபரப்பான நாளைப் பாருங்கள். பட்டாசுக் கடைக்கு அது தீபாவளிக்கு முந்தைய மாதம், கல்லூரிக்கு அட்மிஷன் சமயம்.

உங்கள் தளத்தின் எண்ணை நீங்களே பார்க்கலாம். கணினியில் குரோமில் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் பகுதிக்குப் போய்ப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். கீழே எத்தனை கோரிக்கைகள், எத்தனை எம்பி என்று வரும். 2 எம்பி பக்கம் என்றால் 100 ஜிபி மாத வரம்பில் 50,000 முறை காட்டலாம். படங்களைச் சுருக்கி 500 கேபிக்குக் கொண்டுவந்தால் அதே வரம்பில் 2,00,000 முறை. ஹோஸ்டிங்கை மாற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடும்.

படி 4: எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும் மாறியே ஆக வேண்டிய நிலைகள்

தளத்தில் பணம் வாங்க ஆரம்பிக்கிறீர்கள் என்றால் அன்றே மாறுங்கள். இன்ஃபினிட்டிஃப்ரீ போன்ற இடங்களில் வருவது உண்மையான பிரவுசர்தானா என்று சோதித்த பிறகே பக்கம் திறக்கும். மனிதருக்கு இது தெரியாது, இயந்திரத்துக்குக் கதவு திறக்காது. ரேசர்பே போன்ற பேமென்ட் கேட்வே "பணம் வந்துவிட்டது" என்று உங்கள் சர்வருக்கு அனுப்பும் தகவல் இயந்திரத்திலிருந்து வருவது, அது வாசலிலேயே நின்றுவிடும். வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், உங்கள் தளத்தில் ஆர்டர் "நிலுவை" என்றே இருக்கும். அதற்குப் பிறகு வரும் போன் அழைப்புகள் ஒரு வருட ஹோஸ்டிங் செலவைவிடக் கனமானவை.

பெயர், போன் நம்பர், முகவரி, மதிப்பெண் என்று மற்றவர் விவரங்களைச் சேகரிக்கிறீர்கள் என்றாலும் அப்படியே. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். உங்களை நம்பிக் கொடுத்த விவரத்தை பேக்கப்கூட இல்லாத இடத்தில் வைப்பது முறையில்லை.

தளத்திலிருந்து மெயில் போக வேண்டும் என்றால் இலவச பிஎச்பி ஹோஸ்டிங் உதவாது. பலவற்றில் மெயில் அனுப்புவதே தடுக்கப்பட்டிருக்கும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், அனுப்புபவரின் டொமைனில் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் பதிவு (மெயில் உண்மையிலேயே அந்த டொமைனுடையதுதான் என்று காட்டும் டிஎன்எஸ் பதிவு) இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்கிறது. உங்கள் டொமைன், உங்கள் டிஎன்எஸ் இல்லாமல் அதைச் செய்ய வழியில்லை.

மாற வேண்டாத நிலையையும் சொல்லிவிடுகிறேன். பிளாகரில் எழுதுகிறீர்கள், படிப்பவர்கள் படிக்கிறார்கள், விற்பனை எதுவும் இல்லை என்றால் அங்கேயே இருங்கள். வேர்ட்பிரஸுக்குப் போனால் அப்டேட், பேக்கப், ஸ்பேம், ஹேக்கிங் எல்லாம் உங்கள் தலையில் வரும். எழுத வந்தவர் சர்வர் பார்க்கும் ஆளாக மாறி, எழுத்தே நின்றுபோன தளங்கள் உண்டு. ஒரு ஷோரூமின் போன் நம்பர், மேப், நான்கு படம் மட்டும் காட்டும் பக்கத்துக்கும் பெரிய ஹோஸ்டிங் வேண்டாம். வணிகத்துக்கு விதி இடம் கொடுக்கும் நிலையான ஹோஸ்டிங்கும் சொந்த டொமைனும் போதும்.

படி 5: திட்டத்தைத் தேர்வு செய்தல்

முதல் கட்டண ஹோஸ்டிங்காகப் பெரும்பாலோருக்கு, ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் ஷேர்டு ஹோஸ்டிங்கே சரி. சர்வரின் ஒரு பகுதியைத் தனியாக உங்களுக்கே தரும் விபிஎஸ் மாதம் 4, 5 டாலரிலேயே தொடங்குகிறது, ஆனால் அதில் சர்வரின் பராமரிப்பு முழுக்க உங்களுடையது. லினக்ஸ் தெரியாதவர் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

விலையைப் பார்க்கும்போது பெரிய எழுத்தில் இருக்கும் மாதத் தொகையை விட்டுவிட்டுப் புதுப்பிக்கும் விலையைத் தேடுங்கள். மாதம் 99 ரூபாய் என்பது மூன்று, நான்கு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மட்டும் வரும் விலையாக இருக்கும். புதுப்பிக்கும்போது அது மூன்று மடங்காவது சாதாரணம். மாதம் 300 ரூபாய்க்குப் புதுப்பிப்பு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,600, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 4,248 ரூபாய். நாளுக்கு 12 ரூபாய்கூட வராது. உங்கள் ஒரு ஆர்டரின் லாபத்தை இதோடு ஒப்பிட்டால் தொடக்கத்தில் கேட்ட "யாருக்கு என்ன நஷ்டம்?" என்ற கேள்விக்கு ரூபாயில் பதில் கிடைத்துவிடும். என் யோசனை, முதலில் ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள். கொஞ்சம் கூடுதலாக ஆகும். பிடிக்கவில்லை என்றால் கிளம்பும் சுதந்திரத்துக்கு அது தகும்.

"அன்லிமிடெட்" என்று எழுதியிருந்தால் ஐநோட் வரம்பு எவ்வளவு என்று கேளுங்கள். அது மொத்தக் கோப்புகளின் எண்ணிக்கை. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்துக்கும் நாலைந்து அளவில் நகல் எடுப்பதால், இடம் காலியாக இருக்கும்போதே இது நிறைந்துவிடும். ஒரே நேரத்தில் எத்தனை பிராசஸ் ஓடலாம், ராம் எவ்வளவு என்றும் கேளுங்கள். "508 ரிசோர்ஸ் லிமிட்" என்ற பிழை வருவது பெரும்பாலும் பிராசஸ் வரம்பு தாண்டும்போதுதான்.

படிப்பவர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் மும்பை, பெங்களூரு போன்ற இடத்தில் உள்ள டேட்டா சென்டரைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க சர்வருக்குப் போய்வர ஒவ்வொரு கோரிக்கைக்கும் 200 மில்லி விநாடிக்கு மேல் ஆகும். மலேசியா, சிங்கப்பூர் வாசகர்கள் அதிகம் என்றால் சிங்கப்பூர் சர்வர். இருவரும் இருந்தால் எதுவானாலும் எடுத்து, முன்னால் ஒரு சிடிஎன் (தளத்தின் நகலை வாசகருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து தரும் சேவை) போடுங்கள்.

வாங்குவதற்கு முன் சப்போர்ட்டுக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பாருங்கள், அதுவும் ஞாயிறு இரவு. "தினசரி பேக்கப் உண்டா, அதை நானே மீட்டெடுக்கலாமா, அதற்குத் தனிக் கட்டணமா?" என்று கேளுங்கள். எத்தனை மணி நேரத்தில் பதில் வருகிறது, கேட்டதற்கு நேராகப் பதில் இருக்கிறதா என்பதில் பாதி தெரிந்துவிடும்.

படி 6: இடம் மாற்றுதல்

அமைதியான நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆஃபர், தேர்வு முடிவு, பண்டிகை எதுவும் அருகில் இருக்கக் கூடாது. பழைய ஹோஸ்டிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே புதியதில் எல்லாவற்றையும் தயார் செய்து, கடைசியில் டொமைனைத் திருப்புவதுதான் முறை.

முதலில் முழு பேக்கப்: கோப்புகள் தனியாக, டேட்டாபேஸ் தனியாக. இரண்டையும் உங்கள் கணினியிலும் ஒரு பென்டிரைவிலும் வையுங்கள். இலவச ஹோஸ்டிங்கில் பேக்கப் பிளகின்கள் பாதியில் நின்றுபோவது உண்டு. அப்போது எஃப்டிபி (கோப்புகளை இறக்கும் வழி) வழியாகக் கோப்புகளையும், பிஎச்பிமைஅட்மின் (டேட்டாபேஸைக் கையாளும் கருவி) வழியாக டேட்டாபேஸையும் கையால் எடுங்கள்.

தமிழ்த் தளத்துக்கென்றே வரும் சிக்கல் இங்கே இருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகள் இதைத் தொடுவதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். புதிய இடத்தில் டேட்டாபேஸை உருவாக்கும்போது எழுத்துக் குறியீடு யுடிஎஃப்8எம்பி4 என்று இருக்க வேண்டும். பழைய லத்தீன்1 அமைப்பில் ஏற்றினால் கட்டுரைகள் இரண்டில் ஒரு விதமாகக் கெடும். எல்லா எழுத்தும் கேள்விக்குறியாக வந்தால் புதிய டேட்டாபேஸில் தமிழ் போய்விட்டது, அதை எதுவும் செய்ய முடியாது. அதை அழித்துவிட்டு, குறியீட்டைச் சரிசெய்து, பேக்கப்பிலிருந்து மறுபடி ஏற்றுங்கள். தலையில் கோடு போட்ட லத்தீன் ஏ எழுத்தும் சின்னச் சின்னக் குறிகளும் வரிசையாக வந்தால் பதற வேண்டாம். உள்ளே பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, தவறான குறியீட்டில் படிக்கப்படுகின்றன, அவ்வளவுதான். இது சரிசெய்யக்கூடியது. எப்படியானாலும் பழைய கணக்கை மூடுவதற்கு முன் பத்துக் கட்டுரைகளையாவது திறந்து, கமென்ட் வரைக்கும் படித்துப் பாருங்கள்.

அடுத்தது தமிழில் உள்ள முகவரிகள். வேர்ட்பிரஸ் கட்டுரை முகவரிக்கு 200 இடம்தான் ஒதுக்குகிறது. ஒரு தமிழ்க் குறி சேமிக்கப்படும்போது 9 இடம் பிடிக்கும். மெய்ப்புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறிகள். ஆக 22 குறிகளுக்கு மேல் கொள்ளாது. "தமிழ்நாடு அரசுப் பணியாளர்" என்ற மூன்று சொல்லே முழுசாக நுழையாது, வெட்டுப்படும். இடம் மாற்றும்போது முகவரியை அழகாக்கலாம் என்று பழைய வெட்டுப்பட்ட முகவரிகளில் கைவைக்காதீர்கள். கூகுளும் வாசகர்களும் வைத்திருப்பது அதைத்தான். இனி எழுதுவதற்குச் சுருக்கமான முகவரியை நீங்களே கொடுங்கள்.

பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு வருபவர்களுக்கு வேறு வேலை. தமிழ்த் தலைப்புக்கு பிளாகர் பொதுவாக "பிளாக்-போஸ்ட்" என்றும் ஓர் எண்ணும் சேர்த்த ஆங்கில முகவரியைத்தான் கொடுத்திருக்கும். வேர்ட்பிரஸில் ஏற்றியதும் அது மாறிவிடும். ஒவ்வொரு பழைய முகவரியிலிருந்தும் புதியதற்கு 301 ரீடைரக்ட் (வருபவரைத் தானாகவே, நிரந்தரமாகப் புதிய முகவரிக்கு அனுப்புவது) போட வேண்டும். பிளாக் சொந்த டொமைனில் ஓடியிருந்தால் ரீடைரக்ஷன் பிளகின் போதும். நூற்றுக்கணக்கில் கட்டுரை இருந்தால் முதலில் அதிகம் படிக்கப்படும் ஐம்பதை முடியுங்கள், மற்றதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

டொமைனைத் திருப்புவதற்கு முந்தின நாள் டிஎன்எஸ்ஸில் டிடிஎல் மதிப்பை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 விநாடிக்குக் குறையுங்கள். புதிய தளத்தைத் தற்காலிக முகவரியிலோ, உங்கள் கணினியில் மட்டும் டொமைனைப் புதிய இடத்துக்குத் திருப்பும் ஹோஸ்ட்ஸ் கோப்பை மாற்றியோ திறந்து, படிவம், தேடல், பணம் செலுத்துதல் எல்லாவற்றையும் சோதியுங்கள். பிறகு டொமைனைச் சர்வரோடு இணைக்கும் ஏ பதிவைப் புதிய ஐபிக்கு (சர்வரின் எண் முகவரிக்கு) மாற்றுங்கள். டிஎன்எஸ் பதிவுகள் இருக்கும் நேம்சர்வரையே மாற்றுகிறீர்கள் என்றால் எல்லா இடத்திலும் போய்ச் சேர 48 மணி நேரம் வரை ஆகலாம். அப்போது மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவுகளைப் புதிய இடத்தில் மறுபடி போட மறக்கக் கூடாது. தளம் ஓடும், மெயில் மட்டும் நின்றிருக்கும், இரண்டு நாள் யாருக்கும் தெரியாது. டொமைன் திரும்பியதும் லெட்ஸ் என்கிரிப்ட் எஸ்எஸ்எல்லை (இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழை) இயக்குங்கள். அது இலவசம், அதற்குத் தனியாகப் பணம் கேட்கும் திட்டத்தை வாங்க வேண்டாம்.

படி 7: மாறிய பிறகு

முதல் இரண்டு வாரம் தேடலில் உங்கள் தளத்தின் நிலையைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் 404 (பக்கம் கிடைக்கவில்லை) பட்டியலைப் பாருங்கள். விட்டுப்போன முகவரிகள் அங்கே வரும், வரவர ரீடைரக்ட் போடுங்கள். முதல் மாதத்திலேயே பேக்கப்பை எடுத்து ஒரு சோதனைத் துணை முகவரியில் மீட்டுப் பாருங்கள்.

பணம் கட்டும் தேதிகளை போன் காலண்டரில் போடுங்கள், 30 நாள் முன்பும் 7 நாள் முன்பும். வெளிநாட்டு நிறுவனங்களின் தானியங்கிப் பிடித்தம், 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிக்குப் பிறகு நம் கார்டுகளில் பல நேரம் நடப்பதில்லை. "ஆட்டோ ரினியூ போட்டிருக்கிறேனே" என்று இருந்துவிட வேண்டாம்.

பழைய இலவசக் கணக்கை ஒரு மாதம் அப்படியே விட்டுவையுங்கள். அதன் பிறகு அங்கிருக்கும் டேட்டாபேஸையும் கோப்புகளையும் நீங்களே அழித்து, கணக்கை மூடி, அங்கே பயன்படுத்திய பாஸ்வேர்டு வேறு எங்காவது இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.